குடிபெயருமுன் ஒரு கணக்கு

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துத் தெருவொன்றில் வாழும் இளந்தோழர் ஒருவர் சென்ற திங்கள் எம்மைத் தேடி வந்தார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையொன்றில் பொறிகளைப் பழுதுபார்க்கும் பணியிலிருப்பவர். பூட்டுத் தொழிலாளியின் மகன். அவர் தந்தையார் இவ்விதழைத் தொடக்கந்தொட்டுப் படித்து வருபவர். தோழருக்கு ஏழு அகவையில் ஒரு மகளும் மூன்று அகவையில் ஒரு மகனும் உளர். இருவர்க்கும் தூய தமிழ்ப்பெயர். பெங்களூர்ப் பீன்யா தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. சம்பளம் இங்குப் பெறுவதைப்போல் இருமடங்கினும் மிகுதி. “குடும்பத்தோடு போய்விடலாமா, ஐயா? நம் இயக்கம் இதற்கு என்ன சொல்கிறது?” என்று கேட்டார்.

யாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவுமில்லை. என்னெனில், இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. திண்டுக்கல்லிலிருந்து கரூர், நாமக்கல், சேலம், கிருட்டிணகிரி, ஓசூர் வழியே பெங்களூருக்குப் போகும் அந்நெடுஞ்சாலையில் இரவுதோறும் ஓடும் பேருந்துகளில் இதே கேள்வியைச் சுமந்தபடி எத்தனையோ இளங்குடும்பங்கள் அமர்ந்திருக்கின்றன. அவர்கட்கெல்லாம் சேர்த்தே இவ்வாசிரியவுரையை எழுதுகின்றோம்.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உள. இரண்டும் பிழையானவை. “போகாதே, தாய்மண்ணை விடாதே” என்பது ஒன்று. உலையில் அரிசியிட வழிசெய்யாதவன் அடுப்பங்கரையில் நின்று அறிவுரை சொல்லுதல் அறமாகாது. “போ, எல்லா ஊரும் நம் ஊரே” என்பது மற்றொன்று. இவ்வாறு சொல்வோரிற் பலர், இங்கொரு வீடும் அங்கொரு வீடும் உடையவர்; திரும்பிவரப் பணமும், பிள்ளைகளை விரும்பிய பள்ளியிற் சேர்க்கச் செல்வாக்கும் படைத்தவர். கூலிக்குப் போகின்றவனுக்கு அவர்தம் விடை உதவாது. ஆகவே, முழக்கத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கைக் கையில் எடுப்போம்.

முதலில், ஏன் போக நேர்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் குடைப்பாறைப்பட்டியிலும் அரத்தின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்த காலம் உண்டு. மாங்காய்ப் பூட்டு முதலாக எத்தனையோ வகைப் பூட்டுகளைக் கையாலேயே ஆக்கிய தொழில் அது. அலிகாரில் பொறியால் வார்த்தெடுக்கப்பெற்ற மலிவுப் பூட்டு வந்து சந்தையை நிரப்பியது. கைவினைஞர் கூலியால் அதனோடு போட்டியிட இயலவில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல்; அப்பொழுது பட்டறையில் மிஞ்சியிருந்த கைகள் மிகச் சிலவே. சுருட்டுத் தொழில் சுருங்கிவிட்டது. தோல் பதனிடுந் தொழில் சிலர்க்கு வேலை தந்து, பலருடைய கிணற்று நீரைக் கெடுத்தது. சின்னாளப்பட்டிக் கைத்தறியை விசைத்தறி நெருக்கியது. எஞ்சி நிற்பவை வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள். அவற்றுள்ளும் நிலையான வேலை அரிது. ஒப்பந்தக் கூலியே மிகுதி. இந்நிலையில் வெளியேறுகின்றவனை “இனப்பற்றில்லாதவன்” என்று பழிப்பது கொடுமை. அவன் மண்ணை விடவில்லை. மண்தான் அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை.

இனிப் பணக்கணக்கு. தோழர் இங்குப் பெறுவது திங்களுக்கு 16,000 உருபா. அவர் துணைவியார் வீட்டிலிருந்தபடியே நிலக்கோட்டைப் பூவைத் தொடுத்துக் கொடுத்து ஏறத்தாழ 4,000 உருபா ஈட்டுகின்றார். ஆக 20,000. வீடு தந்தையாருடையது, வாடகையில்லை. மகள் அரசுப் பள்ளியிற் படிக்கின்றாள், கட்டணமில்லை. பெங்களூரில் தருவதாகச் சொல்லும் சம்பளம் 38,000. வீட்டு வாடகை 11,000 போகும். பள்ளிக் கட்டணத்தைத் திங்கட் கணக்காகப் பிரித்தால் 3,500. ஆண்டுக்கு நான்கு முறை ஊர் வந்துபோக, அதுவும் திங்கட் கணக்கில் 1,500. எஞ்சுவது 22,000. பூத்தொடுக்கும் வருவாய் அங்கில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் இல்லை. இரு சம்பளங்கட்கும் இடையே கண்ணுக்கு மின்னிய 22,000 உருபா வேறுபாடு, கைக்கு வருங்கால் 2,000 உருபாவாகக் குறைந்துவிட்டது! வீட்டுக்காரர்க்கு முதலில் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கு வட்டிக்கு வாங்கினால் அந்த 2,000-மும் இல்லை.

ஆனால் கணக்கை ஒருபக்கமாக முடிக்கக் கூடாது. அங்கு ஐந்தாண்டு உழைத்தால் கைத்திறன் வளரும், சம்பளம் ஏறும். இங்கு நூற்பாலை நாளை மூடப்பெறின் அந்த 16,000-மும் இல்லை. இதையும் தோழர் எண்ணித்தான் வந்தார். ஆகவே பணக்கணக்கு மட்டும் இக்கேள்வியை முடித்துவைக்காது.

அடுத்தது பிள்ளைகளின் கணக்கு. மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து தானாகவே படிக்கத் தொடங்கும் அகவை அது. அவ்வேளையிற் பள்ளி மொழியை மாற்றினால் அவள் தமிழ் அரைகுறையாக நின்றுபோகும். மூன்று அகவை மகனோ தமிழெழுத்தைத் தொடவே மாட்டான். பெங்களூரில் முன்பிருந்த தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துவிட்டன. கருநாடகம் 2015-இல் கன்னடக் கல்வியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. கேரளம் மலையாளத்துக்கு 2017-இலும், மராட்டியம் மராத்திக்கு 2020-இலும் அவ்வாறே செய்தன. இதில் யாம் குறை காணவில்லை. தமிழகம் 2006-இலேயே தமிழ்க்கல்விச் சட்டம் கண்டது. நாம் நம் மண்ணிற் கேட்பதை அவர் தம் மண்ணிற் கேட்கின்றனர். மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிற் கிடைக்க ஏந்து செய்க என்று 1956-இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு கூறுகின்றது. கூறுவது சட்டம்; நம் தெருவுக்கு அருகே தமிழ்ப்பள்ளி இருக்கின்றதா என்பதே தாயின் கேள்வி.

உரிமைக் கணக்கும் உண்டு. அதைப் பலர் அறியார். தமிழ்வழிப் படித்தோர்க்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இன் திருத்தத்தின்படி, பள்ளித் தொடக்கம் முதல் அப்பணிக்குரிய படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியிற் படித்திருத்தல் வேண்டும். இடையில் ஈராண்டு வேற்றுமொழிப் பள்ளியிற் படித்தாலும் அக்கதவு மூடிக்கொள்ளும். தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020-இல் கிடைத்தது. வெளியே படித்த பிள்ளைக்கு அது கிட்டாது. பட்டியலின மக்களின் நிலை இன்னும் கடுமையானது. ஒரு மாநிலத்தின் பட்டியலிற் கண்ட சாதியார் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அம்மாநிலப் பணிகளிலும் கல்வியிலும் அவ்வொதுக்கீட்டைக் கோர முடியாதென உச்சநீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் அரசியலமைப்பு ஆயமும் அதனையே மாநிலங்கட்கு உறுதி செய்தது. சாதி இழிவு கூடவே வரும். அவ்விழிவுக்கு ஈடாகக் கிடைத்த உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிடும்! பெயர்வதற்கு முன் இதை ஒவ்வொரு தாழ்த்தப்பட்ட குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

பாதுகாப்புக் கணக்கை மிகைப்படுத்தாமற் சொல்வோம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கருநாடகத்திற் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 21 இலக்கம். கேரளத்திலும் மராட்டியத்திலும் ஐந்தைந்து இலக்கம் அளவினர். இவர்களிற் பெரும்பாலோர் பெரும்பாலான நாள்களில் அண்டை அயலாரோடு அமைதியாகவே வாழ்கின்றனர். ஆனால் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்த 1991 திசம்பரிற் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பெற்றனர், உயிர்கள் போயின, பல்லாயிரவர் ஓசூர் வழியே ஓடிவந்தனர். முல்லைப்பெரியாற்றுப் பூசல் மூண்ட 2011 திசம்பரில் இடுக்கித் தோட்டத் தமிழர் தேனிக்கு இறங்கிவந்தனர். 2016 செபுதம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுத்திய திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் துணிமூடிக் கிடந்து 2009 ஆகத்து 9-ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. அவ்வன்முறை நாள்களிலும் கதவைத் திறந்து தமிழரைத் தம் வீட்டினுள் காத்த கன்னடர் உண்டு. அதை மறப்பது நன்றிகேடு. எனினும், ஆற்றுநீரை முன்னிட்டு அரசியலார் மோதும்போது அடி வாங்குகின்றவன், அவ்வாற்றோடு எத்தொடர்பும் இல்லாத கூலித்தமிழன் என்பது நாம் கண்ட உண்மை.

வேலையோடு கட்டிய வீடு என்பது இன்னொரு கண்ணி. கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்று, மண்ணுக்கடியில் இறங்கிப் பொன்னெடுத்தவர் தமிழர். அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழ், 1914-இல் அவர் மறைந்த பின்னர், அத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அறிவும் அமைப்பும் மிக்க குமுகாயமாக அவர்கள் விளங்கினர். 2001 பிப்பிரவரி 28-இற் சுரங்கம் மூடப்பெற்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்க்குக் கையில் மிஞ்சியது சுரங்கக் குடியிருப்பின் நான்கு சுவர். அவர்தம் மக்கள் இன்று விடியலிலே தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவிலே திரும்புகின்றனர். மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகத்து 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து 70 உயிர்கள் மாண்டன. தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களே மிகுதி. வேலை முடிந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டிய அவ்வரிசை வீடுகளில், சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லாமல் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

‘போனால் மொழி அழிந்தே தீருமா?’ என்று கேட்கலாம். இதற்கு நம் திண்டுக்கல்லே விடை சொல்லும். நாகல்நகருக்குப் போய்ப் பாருங்கள். பல நூற்றாண்டுகட்கு முன் வடக்கேயிருந்து பட்டுநூலோடு வந்த சௌராட்டிரர் இன்றும் வீட்டினுள் தம் மொழியையே பேசுகின்றனர். சேர்ந்து குடியிருந்தார்கள், தமக்குள் மணவினை செய்துகொண்டார்கள், தம் மொழியைத் தாய் வழியே காத்தார்கள். தெருவிலும் பள்ளியிலும் தமிழை ஏற்றுத் தமிழராகவே வாழ்கின்றனர். திரைப்பாட்டில் தமிழ் ஒலிப்புக்கு ஓர் அளவுகோலாக நின்ற டி.எம். சௌந்தரராசனார் அவர்களுள் ஒருவரே. ஆனால் அவர்தம் மொழியின் எழுத்து அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தெரியாது. பள்ளியிலில்லாத மொழி நாவில் நிற்கும், ஏட்டில் நிற்காது. மொரீசியசுத் தீவிலோ பணத்தாளில் தமிழ் அச்சாகின்றது, காவடி எடுக்கின்றனர், தமிழ்ப்பெயர் வைத்துக்கொள்கின்றனர், வீட்டிற் தமிழ் பேசுவோரோ மிகச் சிலர். மலேசியாவில் 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு, இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாகி நிற்பதால் அங்குத் தமிழ் வாழ்கின்றது. ஆக, மொழியைக் காப்பது தந்தையின் உணர்ச்சியன்று; தாயின் பேச்சும், தெருவின் கூட்டும், பள்ளியின் பலகையுமே. இம்மூன்றனுள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டுவிட்டே பெயர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நம் தோழர் வடக்கே பெங்களூருக்குப் பேருந்து ஏறும் அதே நாளில், ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொடர்வண்டியேறித் திண்டுக்கல் சந்திப்பில் வந்திறங்குகின்றான் மற்றோர் இளைஞன். அவனும் மனைவியையும் குழந்தையையும் அழைத்து வருவதா, விட்டு வருவதா என்று இரவெல்லாம் எண்ணியவன்தான். ஆலை விடுதியில் அடைந்துகிடக்கும் அவன் மீது பகை கொள்வது அறிவன்று. அவனுக்குக் குறைந்த கூலி கொடுத்து நம்மவனை வெளியேற்றும் முறைமையே நம் பகை. திருமணச் செலவுக்கென மொத்தத்தொகை தருவதாகச் சொல்லி நம் சிற்றூர்ப் பெண்களை ஆலை விடுதிகளில் அடைத்த ‘சுமங்கலித் திட்டம்’ எவருடைய பேராசையிற் பிறந்ததோ, அதே பேராசைதான் இன்று வடவரை அழைக்கின்றது. எவன் வந்தாலும் ஒரே கூலி, ஒரே வேலைநேரம் என்றாகிவிட்டால், ஆலைக்காரர் ஆயிரங்கல்லுக்கு அப்பால் ஆள் தேட மாட்டார், அருகிலுள்ளவனையே அழைப்பார். அவன் பிள்ளை இங்கே தமிழ்ப்பள்ளியிற் சேர்ந்து படிக்கட்டும். அதற்கு நாம் கதவைத் திறப்போம். நம் பிள்ளைக்கு அங்கே கேட்கின்ற உரிமையை இங்கே மறுப்பவனுக்கு வாய்திறக்கத் தகுதியில்லை.

அரசை நோக்கி நாம் கேட்பனவும் தெளிவானவை. ஆலைகளில் மண்ணின் மக்களுக்கு நிலையான வேலையில் முதலிடம் வேண்டும். பூட்டுத் தொழிலுக்கு வெறுங்குறியீடு போதாது; கூட்டுறவின் வழி இரும்பும் கடனும் சந்தையும் வேண்டும். தமிழர் திரண்டு வாழும் பெங்களூர், தங்கவயல், இடுக்கி, தாராவி ஆகிய இடங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் நின்றுபோகாமல் இருக்க, ஆசிரியரையும் பாடநூலையும் தமிழக அரசு முன்னின்று கொடுத்தல் வேண்டும். வேலைக்காக வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை, தொடக்கப்பள்ளியின் ஓரிரண்டாண்டுகளை வெளியே படித்தமையாலேயே தமிழ்வழி முன்னுரிமையை இழக்கும் நிலை மாறவேண்டும். தமிழ் படித்தவர்க்குப் பரிசு தரும் சட்டம், வறுமையால் ஊர்விட்டவனைத் தண்டிக்கும் சட்டமாக இருத்தலாகாது.

இனித் தோழர்க்கும் அவரைப் போன்றோர்க்கும் எம் அறிவுரை. சம்பளத்தைப் பார்க்காதீர், மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் சிறிதாயின் பெயராதீர். போயே ஆகவேண்டுமாயின் முதலில் ஆறு திங்கள் ஒருவர் சென்று, வேலை சொன்னபடி இருக்கின்றதா என்று அறிந்துவிட்டுக் குடும்பத்தை அழையுங்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் தந்தை ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று வாழாதீர், அதுவும் ஒரு சிதைவே. தமிழர் சேர்ந்து வாழும் தெருவிற் குடியேறுங்கள். சென்ற மண்ணின் மொழியை மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டில் தமிழ் எழுதவும் படிக்கவும் வையுங்கள். பேச்சோடு நிறுத்திவிட்டால் நாகல்நகரின் நிலைதான் வரும். ஊரிலுள்ள வீட்டை விற்காதீர். திரும்பும் ஆண்டை இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புக்கு முன் அவ்வாண்டு அமைதல் நன்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “உம் துணைவியார் என்ன சொல்கிறார்?” என்று கேட்டோம். தோழர் சற்றே தயங்கினார். இத்தனை பேரிடம் கேட்டவர், அவரிடம் முறையாகக் கேட்டிருக்கவில்லை! அடுத்த ஞாயிறன்று இருவரும் வந்தனர். மேலே யாம் எழுதிய பணக்கணக்கு, அவ்வம்மையார் மகளின் பழைய பள்ளி ஏட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்ததுதான். “ஓசூரில் ஏன் கேட்டுப் பார்க்கக் கூடாது? அங்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, பிள்ளை தமிழ்ப்பள்ளியிலேயே படிப்பாளே” என்று கேட்டவரும் அவரே. பெங்களூருக்கு இப்பாலுள்ள தமிழ்மண் ஓசூர். எமக்கு அது தோன்றவில்லை; கணவர்க்கும் தோன்றவில்லை. இப்பொழுது ஓசூருக்கு விண்ணப்பம் போயிருக்கின்றது. கிடைத்தால் நன்று. கிடைக்காவிடின், மேற்சொன்னவற்றைக் கையிற் கொண்டு பெங்களூருக்கே அவர்கள் போகட்டும். யாம் பழிக்க மாட்டோம். திங்கள்தோறும் இவ்விதழ் அவர்கள் கதவைத் தேடிப் போகும்.

1772-இல் கணவனைக் களத்தில் இழந்த வேலுநாச்சியார், சிறுமகள் வெள்ளச்சியுடன் சிவகங்கையை விட்டு நம் விருப்பாட்சிப் பாளையத்துக்குத்தான் வந்தார். எட்டாண்டுகள் பிறர் மண்ணில் வாழ்ந்தார். போன நாள் முதலே திரும்பும் நாளுக்கு அணியமானார்; 1780-இல் திரும்பினார்; சிவகங்கையை மீட்டார். மண்ணை விட்டுப் போவது இழிவன்று. திரும்பிவரப் பாதை வைத்துக்கொள்ளாமற் போவதே பிழை. நம்மவர் திரும்பிவரத் தக்கதோர் ஊராகத் திண்டுக்கல்லை ஆக்கிவைப்பது, இங்கிருக்கும் நம் கடன்.